1,42,000 ஓடின டி700 செத்த பாடியா?

ஸ்டுடியோக்காரன்:
ஒரு பையன் பழைய நிக்கான் டி700 கேமரா வாங்கலாமான்னு கேட்டிருந்தான். லென்ஸ் இல்லாம பாடி மட்டும் 24,000 ரூபாய். ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரைக்கும் திறந்து மூடின தடவை, 1,42,000. அதுக்கு நம்ம மிரர்லெஸ் மாமா குடுத்த பதில்: "ஷட்டர் ஆயுசு 1,50,000. மிச்சம் 8,000. நாலு கல்யாணத்துல கதை முடிஞ்சிடும்." படிச்சதுல இருந்து பத்திக்கிட்டு வருது. 1,50,000ங்கறது நிக்கான் சோதிச்சுப் பார்த்த அளவு. மாத்திரை அட்டையில அடிக்கிற காலாவதி தேதி இல்ல. 2007ல வந்த டி3ல இருக்கற அதே 12.1 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரை, அதான் ஃபிலிம் அளவு சென்சாரை, 2008ல இதுல வச்சுக் குடுத்தான். அதைப் போய் செத்த பாடிங்கறார்!

மிரர்லெஸ் மாமா:
1,50,000ல 1,42,000 போனா 8,000. இதுல எந்த இடம் புரியல சார்?

ஸ்டுடியோக்காரன்:
கழித்தல் புரியுது. உங்களுக்குக் கேமராதான் புரியல. என் டி700 ரெண்டு லட்சத்தைத் தாண்டி இன்னும் முகூர்த்தத்துக்குப் போயிட்டு வருது.

மிரர்லெஸ் மாமா:
எங்க தாத்தா பீடி குடிச்சே 90 வயசு வரை இருந்தார். அதுக்காக ஊருக்கே பீடி வாங்கித் தர முடியுமா? மிச்சம் 8,000தான்.

கோவை கேனான்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். கேனான் 5டி மார்க் 2 பாருங்கப்பா. 21 மெகாபிக்சல், வீடியோவும் உண்டு. டி700ல வீடியோவே கிடையாது, இந்த ரீல்ஸ் காலத்துல அதை வச்சு என்ன பண்றது? 2009ல வெள்ளை மாளிகை போட்டோகிராஃபர் பீட் சூசா ஒபாமாவோட அதிகாரபூர்வப் படத்தை எடுத்தது 5டி மார்க் 2லதான். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

ஸ்டுடியோக்காரன்:
ஒபாமா ஓமப் புகைக்கு நடுவுல உட்கார்ந்து தாலி கட்டலையே! ஃபோகஸ் பிடிக்க உங்க கேமராவுல 9 பாயின்ட், என்னுதுல 51. அப்புறம் 5டி மார்க் 2 ஷட்டருக்கும் அதே 1,50,000தான் சொல்லியிருக்கான். அதுக்கு மட்டும் மாமா கழித்தல் போட மாட்டாரா?

மிரர்லெஸ் மாமா:
போடுவேனே. யாரா இருந்தாலும் 1,50,000 தாண்டினா சூதாட்டம்தான்.

திருச்சி லேப்:
ஆயுசுன்னா என்னன்னு முதல்ல யாராவது சொல்லுங்களேன். ஷட்டர் போனா கேமராவே போச்சா? ஷட்டரை மாத்தலாமே.

மிரர்லெஸ் மாமா:
மாத்துற காசை நீங்க தர்றீங்களா? பார்ட் கிடைக்கணுமே முதல்ல. 8,000 சார், 8,000.

புதுசா வந்தவன்:
அண்ணே, கேட்டது நான்தான். அப்பாவோட ஃபிலிம் கேமராவுல இருந்த 50 எம்எம் 1.8டி லென்ஸ் என்கிட்ட இருக்கு. ஷட்டரை விட்டுட்டு வேற என்னென்ன பார்க்கணும்?

ஸ்டுடியோக்காரன்:
தம்பி, சரியா கேட்டே. உன் 1.8டி லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, பாடிதான் ஃபோகஸைத் திருப்பணும். டி700 திருப்பும். மாமா பேச்சைக் கேட்டு உள்ள கண்ணாடி இல்லாத புது வகை நிக்கான் மிரர்லெஸ் வாங்கி, பழைய லென்ஸை அதுல பொருத்துற எஃப்டிஇசட் அடாப்டர் மாட்டினா, கையாலதான் திருகணும். போய்ப் பார்க்கும்போது சிஎஃப் மெமரி கார்டைக் கழட்டிட்டு உள்ள டார்ச் அடி, பின் வளைஞ்சிருந்தா திரும்பி வந்துடு. மெனுவுல பேட்டரி இன்ஃபோ பாரு, 0 வந்தா புதுசு, 4 வந்தா பேட்டரி கிழவன். பிடி ரப்பர் உரிஞ்சிருக்கும், அதுக்குப் பயப்படாதே, விலையைக் குறைக்க அது ஒரு சாக்கு. கவுண்டை விக்கிறவன் வாயால கேக்காதே. அங்கேயே ஒரு ஜேபெக் எடுத்து எக்ஸிஃப் பாரு, படத்தோட சேர்ந்து பதிவாகிற விவரம் அது. கேனான்காரரோட 5டி மார்க் 2ல கவுண்ட் படத்துக்குள்ள இருக்காது, கேபிள் போட்டுத் தேடணும்.

கோவை கேனான்:
வாய்ப்பு கிடைச்சா கேனானை ஒரு குத்து! 12 மெகாபிக்சலை வச்சு 12×36 இன்ச் கரிஷ்மா கல்யாண ஆல்பத்துல ஒரே படத்தை ரெண்டு பக்கத்துக்கும் விரிச்சுப் போடுங்க பார்ப்போம். டி700 படத்தோட அகலம் 4256 பிக்சல், அதை 36 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 118. பொண்ணு வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்க?

ஸ்டுடியோக்காரன்:
பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பத்தை மூக்குல ஒட்டிவச்சா பார்க்குறாங்க? 18 இன்ச் பக்கத்துக்கு 236 வருது, தாராளம். பட்டுப்புடவைச் சிவப்பு எப்படி வருதுன்னு பாருங்க, பிக்சலை அப்புறம் எண்ணலாம்.

திருச்சி லேப்:
பிரின்ட் போடுறவன் நான். என்னைக் கேக்க மாட்டீங்க.

மிரர்லெஸ் மாமா:
பேச்சை ஆல்பத்துக்குத் திருப்பிட்டாங்க. 1,42,000க்கு இன்னும் பதில் வரல.

ஸ்டுடியோக்காரன்:
பத்து தடவை சொல்லியாச்சு. 90,000லயும் போகலாம், மூணு லட்சம் வரைக்கும் ஓடலாம். 1,50,000 வந்ததும் உள்ள யாரும் மணி அடிச்சு நிறுத்த மாட்டாங்க.

மிரர்லெஸ் மாமா:
"90,000லயும் போகலாம்." நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

ஸ்டுடியோக்காரன்:
பாதியை வெட்டி ஒட்டுறது உங்க பழைய வேலை. போன வருஷம் ஃபிளாஷ் விவாதத்துலயும் இதேதான் பண்ணீங்க.

கோவை கேனான்:
பழைய கதைன்னதும் ஞாபகம் வருது. ஸ்டுடியோக்காரர் எனக்குத் தெரிஞ்சவருக்கு வித்த 85 எம்எம் லென்ஸ்ல ஃபங்கஸ் இருந்ததாமே? பழசு வாங்குறதைப் பத்தி இவர் பாடம் எடுக்கிறார்.

ஸ்டுடியோக்காரன்:
நான் குடுக்கும்போது கண்ணாடி சுத்தமா இருந்தது. மழைக்காலம் பூரா தோல் பையில போட்டு பீரோவுல பூட்டினா பூஞ்சை வராம என்ன வரும்? சிலிக்கா ஜெல் போட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க.

புதுசா வந்தவன்:
அண்ணே, 22,000க்குக் கேக்கலாமா?

மிரர்லெஸ் மாமா:
8,000 படத்துக்கு 22,000ஆ? தாராளமா கேளுங்க தம்பி.

ஸ்டுடியோக்காரன்:
மாமா, இருங்க. முதல்ல கேனான்காரர் அந்த 85 எம்எம் கதைக்குப் பதில் சொல்லட்டும். எந்த மாசம் வாங்கினார், எந்த மாசம் ஃபங்கஸ் பார்த்தார்?