2011 சுபாரு லெகசி வாங்கலாமா? கனடாவின் பாரியில் இருந்து தினமும் 400 நெடுஞ்சாலையில் ஓட வேண்டும்

பாரிவாசி:

வணக்கம். இந்தக் கிழமைக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஸ்காபரோவில் இருந்து பாரிக்கு வீடு மாறி ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டோம். வேலை இன்னும் ரொறொன்ரோவை ஒட்டிய வோனில்தான், காலை ஷிஃப்ற், அதனால் 400 நெடுஞ்சாலையில் இருட்டோடு இறங்க வேண்டும். இங்கே ஸ்னோ கொட்டும் விதமே வேறு. ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் இருந்து காற்று அடித்தால் வீட்டு வாசலில் முழங்கால் அளவு கிடக்கும், இருபது நிமிடம் தெற்கே ஓடினால் றோட்டு காய்ந்து கிடக்கும். இடையில் முன்னுக்குப் போகிற லொறியின் பின் விளக்குக்கூடத் தெரியாத இடங்கள் வரும். போன தை மாதம் எங்கள் தெருமுனை ஏற்றத்தில் சில்லு சுழன்று சுழன்று கார் பின்னுக்கு வழுக்கியதில் இருந்து மனைவிக்குப் பயம், எனக்கும்தான்.

கையில் இருப்பது 2012 கொறோலா, முன்சில்லு இழுவை, ஓல் சீசன் ரயர். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இப்போது பார்த்து வைத்திருப்பது 2011 லெகசி 2.5 செடான், நான்கு சில்லு இழுவை, ஓட்டோமற்றிக், 218,000 கிலோமீற்றர். தனியார் விற்பனை. 5,800 டொலர் கேட்கிறார், சேஃப்ரி (பாதுகாப்புச் சான்றிதழ்) இல்லாமல், இருக்கிறபடியே. வெளியே நல்ல சுத்தம், உள்ளே சீற்றும் கிழியவில்லை. எஸ்யூவி எனக்குப் பிடிக்காது, கார் மாதிரிக் காரே வேண்டும். கொறோலாவை விற்றுவிட்டு இதை எடுக்கலாமா?

சட்பரிக்காரன்:

எடுக்கலாம் என்பதுதான் என் பக்கம். நான் சுபாரு செடான்தான் பல வருடமாக ஓடுகிறேன், சட்பரிக் குளிர் உங்களுக்குத் தெரியும். சிவப்பு விளக்கில் ஏற்றத்தில் நின்று பச்சை விழுந்ததும் பக்கத்துக் கார்கள் முனகிக்கொண்டு நிற்க, இது அமைதியாக ஏறிப் போகும். மாநகரசபை வண்டி றோட்டை வழித்துவிட்டு நம் வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகுமே, அதையும் பெரும்பாலும் தாண்டும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: லெகசிக்குத் தரையில் இருந்து உயரம் ஏறக்குறைய 150 மில்லிமீற்றர்தான், அதே காரை உயர்த்திய அவுட்பாக்குக்கு 220 வரும். ஆழமான ஸ்னோவில் வயிறு தட்டினால் நான்கு சில்லும் சேர்ந்து சுற்றும், கார் நகராது.

இன்னொன்று, நான்கு சில்லு இழுவை இருக்கிறது என்று ஓல் சீசன் ரயரோடு ஓடாதீர்கள். காரை நகர்த்தி எடுக்க உதவும், நிறுத்த உதவாது.

கராஜ்_அண்ணை:

தம்பி, அவசரப்படாதீங்கோ. நான் ஸ்காபரோவில் கராஜில் வேலை செய்கிறேன், இந்த வருட லெகசிகள் நிறையக் கைக்கு வந்து போயிருக்கின்றன. கெட்ட கார் இல்லை. ஆனால் 218,000 ஓடிய 2011ஐ வெளிச் சுத்தத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

முதலில் எஞ்சின். 2010, 2011, 2012 மாதிரிகளின் 2.5இல் இருப்பது பழைய ஈஜே குடும்ப எஞ்சின். அதில் ரைமிங் பெல்ற், அதாவது வால்வுகளையும் பிஸ்ரன்களையும் ஒரே கணக்கில் ஓட வைக்கிற பட்டி. 168,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஒன்பது வருடத்துக்கு மேல் விடக் கூடாது. இந்தக் கார் இரண்டு கணக்கிலும் தாண்டிவிட்டது. பெல்ற் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும், எஞ்சின் அதோடு சரி. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் விசயம், பெல்ற் மாற்றிய ரசீது. "மாத்தினது" என்ற வாய்ப்பேச்சு கணக்கில் இல்லை, ரசீதில் திகதியும் கிலோமீற்றரும் இருக்க வேண்டும், தண்ணீர்ப் பம்பும் உருளைகளும் சேர்த்து மாற்றியிருந்தால் நல்லது.

இரண்டாவது ஹெட் கேஸ்கட், எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கிற தகடு. இந்த எஞ்சினின் பேர் போன வருத்தம் இதுதான். எஞ்சின் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கும், அதனால் ஒயிலும் கூலன்ற்றும் எந்நேரமும் கேஸ்கட்டின் கீழ் விளிம்பில் ஊறிக்கொண்டே இருக்கும், அங்கேதான் கசியத் தொடங்கும். காரை உயர்த்தி, ரோர்ச் அடித்து, ஹெட்டும் புளொக்கும் சேரும் கோட்டைக் கீழிருந்து பாருங்கள், இரண்டு பக்கமும். காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. கறுப்பாக ஈரம் பிடித்து அதில் தூசி ஒட்டியிருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. புதிதாகக் கழுவிப் பளபளவென்று இருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும் கூலன்ற் மூடியைத் திறந்து ஒயில் படலம் மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு கேஸ்கட்டும் ஒழுங்காக மாற்றினால் ஆயிரங்களில் வரும். அதைச் செய்தவர்கள் பெல்ற்றையும் கூடவே மாற்றியிருப்பார்கள், அப்படி ரசீது இருக்கிற கார் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பேன்.

மூன்றாவது கியர். பல் கியர் இல்லை, சங்கிலியும் கப்பிகளும் சேர்ந்த சிவிரி (CVT). சூடான பிறகு மெதுவாக வந்து பிறேக் பிடித்து நிற்கும்போது எஞ்சின் நடுங்கி நின்றுபோகிற குறை இந்த வருடங்களில் உண்டு, எஞ்சினையும் கியரையும் இணைக்கிற ரோர்க் கொன்வேற்றரின் பூட்டு விடுபடாததால் வருவது. நிறுவனம் பிறகு உத்தரவாதத்தை நீட்டியது, 2011க்கு அதுவும் முடிந்துவிட்டது. அதனால் ஐந்து நிமிட ஓட்டம் போதாது, அரை மணித்தியாலமாவது சந்திப்புகள் உள்ள றோட்டில் ஓடி ஓடி நிறுத்திப் பாருங்கள். பிறகு காய்ந்த, வெறுமையான பார்க்கிங்கில் ஸ்ரேறிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டம் அடியுங்கள். கார் துள்ளித் துள்ளி, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வந்தால் பின்சில்லுக்குச் சக்தி அனுப்பும் கிளச் இறுகிப்போயிருக்கலாம், அல்லது நான்கு ரயரும் ஒரே அளவில் இல்லை.

கடைசியில் வைத்தாலும் நான் முதலில் பார்ப்பது துரு. ஒன்ராறியோ உப்பில் பன்னிரண்டு பதின்மூன்று குளிர்காலத்துக்கு மேல் ஓடிய கார் இது. பின்சில்லு வளைவு கண்ணுக்குத் தெரியும், அதைப் பூசி மறைக்கலாம். பின்சில்லுகளைத் தாங்குகிற சட்டம் (சப்ஃபிரேம்), பெற்றோல் ஊற்றும் குழாய், பிறேக் குழாய்கள், இவை லிஃப்ற்றில் ஏற்றினால்தான் தெரியும். இந்த மாதிரியின் பயணி பக்க எயர்பாக்குக்கு ரீகால் (நிறுவனமே திரும்ப அழைத்துத் திருத்துவது) உண்டு. காரின் அடையாள இலக்கத்தை (விஐஎன்) கொடுத்து அது செய்தாயிற்றா என்று கேளுங்கள், இலவசமாகச் செய்து தருவார்கள்.

ஒட்டாவா_செல்வி:

கராஜ் அண்ணா சொன்னதுக்கு மேல எஞ்சின் பத்திச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் செலவுக் கணக்கை மட்டும் சொல்றேன்.

5,800 என்பது உங்கள் முழுச் செலவில்லை. தனியார் விற்பனை என்றாலும் பெயர் மாற்றும்போது 13% வரி உண்டு, அதுவும் நீங்கள் கொடுத்த விலை, சந்தை மொத்த விலை இரண்டில் எது கூடவோ அதற்கு. சேஃப்ரி இல்லாமல் வாங்கினால் நம்பர் பிளேட் போட முடியாது, அதில் என்னென்ன மாற்றச் சொல்வார்கள் என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். அப்புறம் குளிர்கால டயர் எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். நாலு சக்கர இழுவையில் ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட முடியாது, நாலுக்கும் தேய்மானம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. டோ பண்ணினாலும் நாலு சக்கரமும் தரையில் படாமல் மேடை வண்டியில்தான் ஏற்றணும்.

இப்போது உங்கள் கொரோலாவைப் பாருங்கள். உங்கள் பிரச்சினை முன்சக்கர இழுவையா, ஆல் சீசன் டயரா? 7 டிகிரிக்குக் கீழே போனாலே ஆல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், ஐஸில் பிடிப்பே இருக்காது. பக்கத்துக் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம், நாலு சக்கர இழுவை இருந்தாலும் கட்டாயம். இங்கே சட்டம் இல்லை, ஆனால் 2016இலிருந்து குளிர்கால டயர் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும், கேட்டு வாங்குங்கள். மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரை இருக்கிற டயர் நாலு, தனி இரும்பு ரிம்மில் போட்டு வையுங்கள். கொரோலாவிலேயே அந்தத் தெருமுனை ஏற்றம் ஏறிவிடும் என்று நினைக்கிறேன். 400இல் உங்களுக்கு வேண்டியது நிற்கிற பிடிப்பும் திரும்புகிற பிடிப்பும். அந்த இரண்டும் டயரில்தான் இருக்கு.

பாரிவாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று விற்பவரோடு கதைத்தேன். பெல்ற் "முந்தைய உரிமையாளர் மாத்தியிருப்பார்" என்கிறார், ரசீது இல்லை. காரை ஒரு கராஜில் லிஃப்ற்றில் ஏற்றிப் பார்க்க, செலவை நான் தருகிறேன் என்றேன். வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், நேரம் இல்லை என்றார். விலையை 5,200க்கு இறக்கத் தயாராம். இங்கே விற்பவர் தர வேண்டிய வாகனத் தகவல் பொதியும் இன்னும் எடுக்கவில்லையாம். மனம் அரைவாசி அங்கேயே நிற்கிறது, ஓடிப் பார்த்தபோது அவ்வளவு நன்றாக இருந்தது.

கராஜ்_அண்ணை:

விடுங்கோ தம்பி. லிஃப்ற்றில் ஏற்ற விடாத காருக்கு 600 டொலர் குறைந்தால் என்ன. அந்தப் பொதி சேர்விஸ் ஒன்ராறியோ அரச அலுவலகத்தில் 20 டொலர்தான், அதில்தான் முந்தைய உரிமையாளர்கள் விபரமும் காரின் மேல் கடன் இருக்கிறதா என்பதும் வரும். அதைக்கூட எடுக்காதவர் பெல்ற் மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். எடுத்தால், வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பெல்ற் மாற்றுகிற காசையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கேஸ்கட்டும் போனால் காரின் விலையை இன்னொரு தரம் கொடுப்பீர்கள்.

தங்கச்சி செல்வி சொன்னதுதான் இந்தக் குளிருக்குச் சரி. கொறோலாவுக்கு நல்ல ரயர் போடுங்கோ, ஐப்பசியிலேயே போடுங்கோ, முதல் ஸ்னோ கொட்டிய பிறகு வந்தால் கராஜில் இடம் கிடைக்காது.

லெகசி ஆசை போகவில்லை என்றால் வசந்தத்தில் தேடுங்கள், அப்போது இந்தக் கார்களுக்கு அடிபிடி குறைவு. 2013 அல்லது 2014 பாருங்கள். அதில் புது எஃப்பி எஞ்சின், பெல்ற் இல்லை, சங்கிலி. ஹெட் கேஸ்கட் கவலையும் பெரிதாக இல்லை. ஆனால் 2013இல் ஒயில் குடிக்கிற குறை உண்டு, அதனால் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்து, ஒயில் மாற்றிய ரசீதுகளையும் கேளுங்கள். சுபாரு 2025 மாதிரியோடு லெகசியை நிறுத்திவிட்டது, ஆனால் உதிரிப்பாகத்துக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பகுதி அவுட்பாக்கோடு பொது.

சட்பரிக்காரன்:

நானும் மாறிவிட்டேன், இந்தக் காரை எடுக்க வேண்டாம். சுபாருவை எடுங்கள் என்று இன்னும் சொல்வேன், ஆனால் காரின் அடிப்பக்கத்தைக் காட்டுகிற ஆளிடம் எடுங்கள். கிடைத்தால் ஒவ்வொரு இலையுதிர்காலமும் அடியில் துருத்தடுப்பு ஒயில் அடித்த கார் என்று கேளுங்கள், எங்கள் பக்கம் அப்படி வைத்திருக்கிறவர்கள் ரசீதையும் கவனமாக வைத்திருப்பார்கள்.

பாரிவாசி:

சரி, அவருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டேன். கொறோலாவுக்கு 195/65 ஆர்15, இரும்பு ரிம்மோடு விலை விசாரிக்கிறேன். அண்ணை, பழைய ரிம் பாவித்தால் பரவாயில்லையா, புதிதுதான் வேண்டுமா?

கராஜ்_அண்ணை:

பாவித்த ரிம் தாராளமாகப் போடலாம், வளைவு இல்லாமல், ரயர் உட்காரும் விளிம்பில் துரு இல்லாமல் பார்த்து எடுங்கோ. ரயரை மட்டும் புதிதாக வாங்குங்கோ.