வைஃபை பாஸ்வேர்டு என் மொபைல் நம்பர், ரௌட்டருக்குள் அட்மின்/அட்மின்: ரீசெட் பண்ணிடலாமா?

வேளச்சேரி_ஃப்ளாட்:
வேளச்சேரியில் அடுக்ககம், ஃபைபர் இணைப்பு. லைன் கொடுக்க வந்தவர் என் மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 98400-ல் ஆரம்பிக்கும் நம்பர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. ரௌட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1 போய் யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டு அட்மின் அடித்தால் உள்ளே விடுகிறது. கருவிகள் பட்டியலில் எங்களுடையது போக மூன்று கூடுதலாக இருக்கின்றன. வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில், முதல் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) இடத்தில் நாங்கள் யாரும் போடாத ஒரு முகவரி, இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8. ரீசெட் பட்டனை அழுத்திவிடலாமா?

ஃபைபர்_கம்பி:
சார், ரீசெட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீங்க. பின்பக்க ஓட்டையில் குச்சி விட்டு அழுத்தினால் ஆபரேட்டரின் நெட்டுக்குள் நுழையும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, லைனுக்கான விலேன் எண் எல்லாம் அழிந்துபோகும். பான் விளக்கு (ஃபைபர் லைனுக்கானது) பச்சையாகவே எரியும், நெட் மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆனால் ஆபரேட்டர் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதலில் அந்த மூன்று விவரத்தையும் ஆபரேட்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்க. ரௌட்டரில் ஆபரேட்டர் இணைப்பைக் காட்டும் வேன் பக்கத்தை போட்டோவும் எடுத்துக்கோங்க. அங்கே பாஸ்வேர்டு புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும், அதனால் போட்டோ மட்டும் போதாது.

இன்னொன்று, ரீசெட் பண்ணினால் அட்மின்/அட்மின்தான் திரும்பி வரும். 2016-ல் வந்த மிராய் என்ற வைரஸ் இந்த மாதிரி ஆலை பாஸ்வேர்டுகள் (தயாரிப்பாளரே போட்டு அனுப்புபவை) அறுபதுக்கு மேல் வைத்துக்கொண்டு, தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் டெல்நெட் வழியாகக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. கருவியை ஆஃப் செய்து போட்டால் அது போய்விடும், ஏனென்றால் தற்காலிக நினைவகத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டு மாறாவிட்டால் சில நிமிடத்தில் மறுபடி வந்துவிடும். நம் ஊரிலும் 2017 ஜூலையில் ஆலை பாஸ்வேர்டோடு இருந்த பிஎஸ்என்எல் மோடங்கள் தாக்கப்பட்டு, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அவர்களே அறிவித்தார்கள்.

பூட்டும்_சாவியும்:
மூன்று கருவியைவிட அந்த டிஎன்எஸ்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கூடுதல் கருவி உங்கள் வீட்டு போனாகவே இருக்கலாம். இப்போதைய போன்கள் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, மாற்றிக் காட்டும், ஒரே போன் இரண்டு பெயரில் பட்டியலில் நிற்கும். டிஎன்எஸ் தானாக மாறாது. ஆபரேட்டரிடம் அந்த முகவரியைச் சொல்லி அவர்களுடையதா என்று கேளுங்கள். இல்லை என்றால் யாரோ உள்ளே வந்து மாற்றியிருக்கிறார்கள். வங்கி முகவரியை அடித்தால் அதே மாதிரி இருக்கும் போலிப் பக்கத்துக்கு அனுப்புவதற்காகத்தான் இதைச் செய்வார்கள். இரண்டாவதில் 8.8.8.8 போடுவதும் வழக்கம்: முதல் சர்வர் நின்றுபோனாலும் நெட் ஓடும், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ரௌட்டர் சரியாகும்வரை வங்கி வேலை எல்லாம் மொபைல் டேட்டாவில் மட்டும். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளையும் மொபைல் டேட்டாவிலேயே மாற்றிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, வைஃபையை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். ரௌட்டர் பக்கம் பெரும்பாலும் ஹெச்டிடிபி, அதாவது குறியாக்கம் இல்லாதது. வைஃபையில் இருந்தபடி புது அட்மின் பாஸ்வேர்டு போட்டால், பழைய வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த ஆள் அதையும் படித்துவிட முடியும். பிறகு அட்மின் பாஸ்வேர்டு. சில ஓஎன்டி-களில் (ஃபைபர் வந்து சேரும் ரௌட்டர் பெட்டி) இரண்டு கணக்கு இருக்கும். நீங்கள் ஒன்றை மாற்றினாலும் ஆபரேட்டருடைய பெரிய கணக்கு ஆலை பாஸ்வேர்டோடு அப்படியே கிடக்கும். அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் செய்வார்கள். டிஎன்எஸ்-ஐ ஆபரேட்டர் தரும் முகவரிக்கோ கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1-க்கோ மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டெல்நெட், டபிள்யூபிஎஸ் (பின் எண்ணோ பட்டனோ கொண்டு வைஃபையில் சேரும் வசதி) மூன்றையும் அணையுங்கள். டிஆர்-069 மட்டும் ஆபரேட்டர் தொலைவிலிருந்து ரௌட்டரை நிர்வகிக்கும் வழி, அதை விட்டுவிடுங்கள். ஃபர்ம்வேர் (ரௌட்டரின் உள் மென்பொருள்) புதியது இருந்தால் அதையும் ஏற்றிவிட்டு, கடைசியாகப் புது வைஃபை பாஸ்வேர்டு போட்டு வைஃபையை ஆன் செய்யுங்கள்.

பெரம்பூர்_நெட்:
டபிள்யூபிஎஸ்-ஐ ஏன் அணைக்க வேண்டும் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அதன் பின் எண் எட்டு இலக்கம், ஆனால் ரௌட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே பத்துக் கோடி முயற்சி வேண்டாம், 11,000 போதும். 2011-லேயே வெளியான ஓட்டை இது.

மொபைல் நம்பர் விஷயமும் அதே கணக்குதான். உங்கள் போன் ரௌட்டரோடு இணையும் அந்த நொடியை யாராவது பதிவு செய்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால், மீதி முயற்சியெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் நடக்கும். உங்கள் ரௌட்டருக்குத் தெரியவே தெரியாது. 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்கம் மொத்தம் 400 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது சில மணி நேர வேலை. 98400 சென்னை வரிசை என்று ஊருக்கே தெரியும். முதல் ஐந்து இலக்கத்தை ஊகித்துவிட்டால் பாக்கி ஒரு லட்சம்தான், சாதாரண லேப்டாப்புக்கே சில நிமிடம். லிஃப்டில் ஒட்டியிருக்கும் சங்க உறுப்பினர் பட்டியலில் உங்கள் நம்பர் இருந்தால் அதுகூட வேண்டாம்.

ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள், இருபது எழுத்தைத் தாண்டட்டும். தமிழ் எழுத்திலேயே அடித்தால் பல கருவிகள் ஏற்காது. பிள்ளைகள் பெயர், ஃப்ளாட் எண், குலதெய்வம் வேண்டாம். வைஃபை பெயரை மறைப்பது, மேக் ஃபில்டர் இதெல்லாம் பூட்டே இல்லை, நேரத்தை வீணாக்காதீர்கள்.

வேளச்சேரி_ஃப்ளாட்:
நன்றி. அந்த முகவரி ஆபரேட்டருடையது இல்லையாம். பணம் எதுவும் போகவில்லை. சொன்ன வரிசையில் முடித்துவிட்டேன், கூடுதல் மூன்றும் பட்டியலில் இல்லை. ஆனால் டிவியும் வாசல் கேமராவும் இணைய மறுக்கின்றன. வைஃபை பாதுகாப்பு வகையைப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

பூட்டும்_சாவியும்:
பழைய கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 தெரியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு வையுங்கள், குறியாக்கம் ஏஇஎஸ். டிகேஐபி என்ற பழைய குறியாக்கம் கலந்த வகையைத் தொடாதீர்கள், வேகமும் 54 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். கேமராவுக்கு 2.4-ல் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் போட்டால் அது லேப்டாப் பக்கம் வர முடியாது. கேமராவின் சொந்த அட்மின் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், இல்லையென்றால் பழைய டிஎன்எஸ்-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஃபைபர்_கம்பி:
வேன் பக்கத்தில் காட்டும் ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் நீங்கள் ஆபரேட்டர் பலருக்கும் பகிர்ந்து தரும் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள், இணையத்திலிருந்து யாரும் நேராக ரௌட்டரைத் தட்ட முடியாது. அப்படியென்றால் டிஎன்எஸ்-ஐ மாற்றியது அநேகமாக வைஃபை வழியாக வந்தவர், அல்லது வீட்டுக் கருவி ஒன்றில் இருக்கும் வைரஸ். லேப்டாப்பையும் ஆண்ட்ராய்டு பெட்டியையும் ஸ்கேன் பண்ணிட்டு, ஒரு வாரம் கழித்து டிஹெச்சிபி பக்கத்தை மறுபடி திறந்து பாருங்க. முகவரி திரும்பவும் மாறியிருந்தால் இங்கே போடுங்க.