புதுப்பிப்பு: வீட்டுச் சமையலுக்குக் கத்தி வாங்கிவிட்டேன்

ஆறு கத்தி அடங்கிய செட் வாங்கலாமா, ஒரே ஒரு நல்ல கத்தி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. செட் வேண்டாம் என்று முடிவு செய்து, விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் 20 செ.மீ. செஃப் கத்தி (எல்லா வேலைக்கும் ஆகும் பெரிய கத்தி) ஒன்றும், இஞ்சி பூண்டுக்கு ஒரு சின்னக் கத்தியும் வாங்கினேன்.

விஜி-10 என்ற ஜப்பானிய எஃகில் செய்த கத்தியைச் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள். எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் அது சுமார் 60. நான் வாங்கிய செஃப் கத்தி சுமார் 56. கடினமான எஃகில் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரவும் வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் சேனைக்கிழங்கு, பரங்கிக்காய் வெட்டாத வாரமே இல்லை. அதற்கு இதுதான் தாங்கும்.

கூர் பார்க்கத் தக்காளிதான் சரியான சோதனை. நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்தாலே தோல் பிளக்க வேண்டும். தோல் உள்ளே அமுங்கினால் சாணைக்கல்லை எடுக்க வேண்டியதுதான். 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) கல்லை நனைத்து, 15 முதல் 20 டிகிரி சாய்வில் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெதுவாக நகர்த்தினால் அது தட்டுப்படும். அப்போதுதான் பக்கம் மாற்ற வேண்டும்.

அப்புறம், கண்ணாடிப் பலகை வேண்டவே வேண்டாம், கூர் சீக்கிரம் போய்விடும். மரப்பலகை போதும்.

அம்மாவுக்கு மீன் அரிய இன்னும் அரிவாள்மனைதான். அதை மாற்றும் எண்ணமே இல்லை. எலும்புக்குத் தனிக் கத்தி பார்க்கிறேன், வாங்கியதும் எழுதுகிறேன்.