டோகமாக் விளிம்பின் படங்களில் நடுப்பகுதி இருட்டாக இருப்பது ஏன்?

பீனியா_கேமரா:
வணக்கம். பெங்களூரு பீனியாவில், புட்டி நிரப்பும் ஆலைகளுக்கு அதிவேகக் கேமரா பொருத்தித் தரும் வேலையில் இருக்கிறேன். இங்கிலாந்தின் மாஸ்ட் டோகமாக்கில் (பிளாஸ்மாவை, அதாவது அயனியான சூடான வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கருவி) எடுத்த படங்களில், பிளாஸ்மாவின் விளிம்பிலிருந்து இழைகள் வெளியே வீசப்படுவது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் கோடி டிகிரியை எட்டும் நடுப்பகுதி ஏறக்குறைய இருட்டாகவே இருக்கிறதே, ஏன்? இத்தகைய படமெடுக்க எவ்வளவு வேகமான கேமரா வேண்டும்?

மல்லேஸ்வரம்_இயற்பியல்:
கண்ணுக்குத் தெரியும் அந்த ஒளி, எலக்ட்ரானை இன்னும் இழக்காத அணுக்களிலிருந்து வருவது. நடுப்பகுதியில் ஹைட்ரஜன் முழுவதும் அயனியாகிவிடுவதால் அங்கே ஒளிர அணுவே கிடையாது; சுவர்ப் பக்கமிருந்து நுழையும் வாயு பிளாஸ்மாவைச் சந்திக்கும் மெல்லிய பட்டையில் மட்டும் 656 நானோமீட்டர் சிவப்பு தெரிகிறது. அந்த ஒளி போதாதபோது, சிறு குழாய் வழியே டியூட்டீரியத்தையோ (கன ஹைட்ரஜன்) ஹீலியத்தையோ பீய்ச்சி, அந்த வாயு மேகத்தைப் படமெடுப்பார்கள். ஹீலியம் என்றால் 587.6 நானோமீட்டர் ஃபில்டர்.

பார்க்கும் கோணம்தான் இதில் முக்கியம். இழை காந்தப்புலக் கோட்டின் வழியே பல மீட்டர் நீண்டிருக்கும். குறுக்கே சில சென்டிமீட்டர்தான். ஊதுவத்திக் கட்டை நுனிப் பக்கமிருந்து பார்த்தால்தான் வத்திகள் தனித்தனியாகத் தெரியும் என்பதுபோல, வாயு பீய்ச்சும் இடத்தில் புலக்கோட்டை ஒட்டியே கேமரா நோக்க வேண்டும். இழை நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் வெளியே நகர்ந்தால், 10 மைக்ரோநொடியில் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே நொடிக்கு ஒரு லட்சம் ஃபிரேம் என்பதே தொடக்க நிலை.

ஜெயநகர்_வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பிரகாசமான இடமெல்லாம் அடர்த்தியான இடம் என்று கொள்ளக் கூடாது. ஒளியின் அளவு எலக்ட்ரான் அடர்த்தி, வெப்பநிலை, மிஞ்சியிருக்கும் வாயு ஆகிய மூன்றையும் பொறுத்தது. அடர்த்தியான இழை வாயுவை அயனியாக்கித் தீர்த்துவிட்டால், அதன் உட்புறம் நிழலாகத் தெரியலாம்.

வாயுவை நம்பாத வழியும் உண்டு. தென் கொரியாவின் கேஸ்டார் கருவியில், காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள் உமிழும் மைக்ரோ அலையைப் பிடித்து, பிளாஸ்மாவின் விளிம்பு திடீரென வெடித்து இழைகளை வெளியே வீசும் விளிம்பு வெடிப்புக்கு முன்பே இழைகள் உருவாவதை இரு பரிமாணப் படமாக்கி 2011இல் வெளியிட்டார்கள். 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் கண்டறிந்த உயர் அடைப்பு நிலையில் (பிளாஸ்மா தன் வெப்பத்தை வழக்கத்தைவிட நன்றாகத் தக்கவைக்கும் நிலை) விளிம்பின் அழுத்தச் சரிவு செங்குத்தாகிறது. அந்தச் சரிவும் விளிம்பு மின்னோட்டமும் எல்லை மீறும்போதுதான் இவ்வெடிப்பு நேர்கிறது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் மாபெரும் டோகமாக்கான ஐட்டர் அளவிலான கருவியில் அது டங்ஸ்டன் தகடுகளையே அரித்துவிடும் என்பதால்தான் இவ்வளவு கவனம்.

பீனியா_கேமரா:
மிக்க நன்றி. கேமராவை டோகமாக்கின் ஜன்னலுக்கு அருகிலேயே பொருத்திவிடலாமா?

மல்லேஸ்வரம்_இயற்பியல்:
காந்தப்புலமும் நியூட்ரானும் மின்னணுச் சுற்றுகளைக் கெடுக்கும். அதனால் பெரும்பாலும் படத்தை ஃபைபர் கற்றை வழியே தொலைவுக்குக் கொண்டுவந்து, கேமராவை அங்கே வைப்பார்கள். கற்றையில் ஒளி கொஞ்சம் வீணாகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.