மறு: ஸ்டாக் ரேங்கிங் – ‘கட்டாயத் தரவரிசை’ போதுமா?

> ‘கட்டாயத் தரவரிசை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாகப் புரிகிறது.

ஐயா, வணக்கம். ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, முன்பே முடிவு செய்த அளவில் தரம் பிரிக்கும் முறைதான் ஸ்டாக் ரேங்கிங். அதற்கு நீங்கள் சொல்லும் தமிழ்ச் சொல் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. வரிசை என்றால் ஆளுக்கொரு இடம். ஜாக் வெல்ச் தலைமை நிர்வாகியாக இருந்த காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தது மேலே 20, நடுவே 70, கீழே 10 விழுக்காடு என்ற மூன்று பிரிவு. யார் எப்படி உழைத்தாலும் பிரிவின் அளவு மாறாது. கீழே விழுந்தவருக்கு வேலையே போகலாம். அளவை முதலில் வைத்துவிட்டு ஆளைப் பிறகு தேடுகிறார்கள். அது சொல்லில் தெரிய வேண்டும். ‘கட்டாயத் தரப்பங்கீடு’ என்பது என் பரிந்துரை. ‘ஒதுக்கீடு’ வேண்டாம், இட ஒதுக்கீட்டோடு குழம்பும்.

> அறிவுப் பகிர்வு பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் எதற்கு?

அங்கேதான் இது அதிகம் தேவை. பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவர் கீழே போயாக வேண்டும். பிழை கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியவர் அதைப் பொது விக்கியில் ஏற்றினால் பக்கத்து இருக்கைக்காரரின் தரம் ஏறும், ஏற்றியவர் இறங்குவார். ஆகவே அது அவருடைய லேப்டாப்பிலேயே கிடக்கும். கெட்டிக்காரர்கள் ஒரே குழுவில் சேரத் தயங்குவார்கள். பலி கொடுக்கவென்றே சுமாரான ஒருவரை வைத்திருக்கும் மேலாளரும் உண்டு.

ஐந்து பேர் குழுவில் 10 விழுக்காடு என்றால் அரை ஆள். அதனால் பல குழுக்களைச் சேர்த்து மேலாளர்கள் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். மற்ற மேலாளர்களுக்குப் பெயரே தெரியாதவர் அங்கே எளிதாக இறங்கிவிடுவார். சத்தமில்லாமல் பிறருக்கு உதவியவர் பெரும்பாலும் அவர்தான். சென்னை ஐடி அலுவலகங்களில் ‘பெல் கர்வ்ல (மணி வடிவ வளைகோட்டில்) அடிபட்டுட்டான்’ என்பார்களே, அது இதுதான்.

மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இதைக் கைவிட்டது. பிறர் வெற்றிக்கு நீ என்ன செய்தாய், பிறர் செய்ததை எடுத்து நீ எதைக் கட்டினாய் என்பவையும் அதன்பின் மதிப்பீட்டில் சேர்ந்தன.

——

தரப்பங்கீடு எனக்கும் சரி. ‘பெல் கர்வ்’ என்பதை மட்டும் இதற்கு ஒருபொருட் சொல்லாகப் போட வேண்டாம். புள்ளியியலில் அது இயல்நிலைப் பரவல். ஏராளமான அளவீடுகளைக் குவித்தால் பல நேரங்களில் தானாகத் தெரியும் வடிவம். பொறுக்கியெடுத்த எட்டுப் பேரிடம் அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை, இங்கே கையால் வளைக்கிறார்கள். ‘பெல் கர்வ் (பேச்சு வழக்கு): காண்க கட்டாயத் தரப்பங்கீடு’ என்று பதிவிடலாம். ஒப்பிடாமல் ஒருவரைத் தனியே மதிப்பிடுவதற்கு ‘தனிநிலை மதிப்பீடு’ பொருந்துமா?