ஐந்து மாதக் கர்ப்பம், ஒரே நாளில் மூன்று பல் எக்ஸ்ரே

நாஞ்சில்பெண்:
கீழ்க் கடைவாய்ப் பல் வலியில் மூன்று நாள் தூக்கமில்லை. நேற்று ரூட் கெனால் தொடங்கினார்கள். கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "ஒன்றும் ஆகாது" என்ற டாக்டர் மூன்று எக்ஸ்ரே எடுத்தார். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போடவில்லை. உதவிக்கு நின்ற பெண், படம் பதியும் சென்சாரைத் தன் விரலாலேயே என் வாய்க்குள் பிடித்துக்கொண்டார். கை அசைந்து ஒரு படம் கலங்கிவிட்டதால்தான் மூன்றாவது. வீட்டில் அத்தையிடம் இதைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு! பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? மீதி சிகிச்சைக்குப் போகலாமா?

கருப்புவெள்ளை:
பல் கல்லூரி எக்ஸ்ரே அறையில் 18 வருடமாக இருக்கிறேன். பயப்படாதீர்கள். சென்சாரில் எடுக்கும் ஒரு சின்னப் படத்துக்குச் சுமார் 5 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அளவு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே வருடத்துக்கு 2,400 வாங்குகிறோம், அது உலகச் சராசரி. ஆக, மூன்று படமும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் கணக்கு. நீங்கள் நாகர்கோவில் பக்கம் என்றால், மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீசும் தோரியம் இருப்பது தெரிந்திருக்குமே. அந்தக் கடற்கரையில் இந்தச் சராசரியைவிட அதிகம்.

கதிர் தாடையை நோக்கித்தான் போகிறது, வயிற்றுக்குச் சிதறி வருவது மிக மிகக் குறைவு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024இல் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டால் போட்டுவிடுவார்கள், மனசுக்கு நிம்மதி.

எனக்குக் கோபம் அந்த விரல் மீதுதான். உங்களுக்கு மூன்று படம், அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்க, அதுவும் நேராக விரலில். சென்சாரைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஹோல்டர் இருந்தால் படமும் அசையாது, மூன்றாவது படமே தேவைப்பட்டிருக்காது.

மருதாணி:
அவ்வளவு குறைவு என்றால் எடுக்கும்போது எல்லோரும் வெளியே ஓடுவது ஏன்?

கருப்புவெள்ளை:
நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை வருவீர்கள், நாங்கள் தினமும் நிற்கிறோம். சட்டையில் குத்தியிருக்கும், வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் அதற்குத்தான். எங்கள் வரம்பு வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட், அதாவது 20,000 மைக்ரோசீவர்ட். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே வெகுவாகக் குறைந்துவிடும்.

நாஞ்சில்பெண், சிகிச்சையை நிறுத்த வேண்டாம். நான்கிலிருந்து ஆறு மாதம்வரை பல் வேலைக்குத் தோதான காலம். சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தால்தான் தொல்லை. ஆமாம், வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள்? 20 வாரத்துக்குப் பிறகு ஐபுபுரூஃபன் வகை கூடாது என்பார்கள். மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள்.

நாஞ்சில்பெண்:
ஐயோ, மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை. அட்டையைத் தேடிப் பார்த்தேன், பாராசிட்டமால்தான். வியாழக்கிழமை மறுபடி போகிறேன். ஹோல்டர் இருக்கிறதா என்று போன் போட்டேன். இருக்கிறதாம், மேசை இழுப்பறைக்குள்! அத்தையும் கூட வருகிறார்களாம், அதை எடுக்கிறார்களா என்று பார்க்க.