கார்க்காசோன்: இடைக்கால மதில் நகரமா, 19-ஆம் நூற்றாண்டின் கற்பனையா?

நிலாமுற்றம்
வரும் ஜூன் மாதம் என் பெற்றோர் பாரிசுக்கு வருகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு தென் பிரான்சிலுள்ள தூலூஸில் நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். அதில் ஒரு நாளைக் கார்க்காசோனுக்கு ஒதுக்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஓட் ஆற்றின் வலக்கரையில், குன்றின்மேல், இரட்டை மதில் சூழ நிற்கும் அந்தப் பழைய நகரம் சிதையாமல் எஞ்சிய இடைக்கால நகரங்களில் தலையாயது என்றே பயணக் கையேடுகள் எல்லாம் எழுதுகின்றன. ஆனால் அலுவலகத் தோழி ஒருவர், அது 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டி எழுப்பிய காட்சிப்பொருள் என்றும், அங்கே போவதைவிட வேறு ஊருக்குப் போவது மேல் என்றும் சொல்லிவிட்டார். என் தந்தை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். போலி ஒன்றைக் காட்டி அவரை அழைத்துவர எனக்கு மனமில்லை. போய்வந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கற்றச்சன்
உங்கள் தோழி சொன்னதில் பெரும்பகுதி உண்மை. பழைய கட்டடங்களைப் பேணும் வேலையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

தொலைவிலிருந்து பார்க்கும் எவருடைய கண்ணையும் முதலில் கவர்வன காவற்கோபுரங்களின் கூம்புக் கூரைகள். அவற்றை வடிவமைத்தவர், 1853 முதல் 1879-இல் இறக்கும்வரை அந்த மதில்களின் சீரமைப்பை நடத்திய வியோலே-ல-டுக் என்ற கட்டடக் கலைஞர். அத்தகைய செங்குத்தான சரிவும் கருநிறச் சிலேட்டுப் பலகைகளும் வட பிரான்சுக்கு உரியவை. கார்க்காசோன் இருக்கும், வெயில் காயும் தெற்கத்திய லாங்கதோக் நிலத்திலோ, வீடானாலும் தேவாலயமானாலும், சரிவு குறைந்த செவ்வோட்டுக் கூரைதான் வழக்கம். ஒரு கட்டடத்தைச் சீரமைப்பது என்றால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையைக்கூட அதற்கு அளிப்பதுதான் என்ற பொருள்பட அவரே எழுதிவைத்திருக்கிறார். இதற்கு நேர் எதிராக, ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வரையறுத்தது. எங்கள் துறையில் இன்றும் அதுதான் விதி. அந்த விதியை வைத்து அளந்தால் கார்க்காசோன் தேறாது.

ஒரே ஒரு நாள்தான் உண்டென்றால் கோர்த்-சுர்-சியெல் போய் வாருங்கள். தூலூஸ் கோமகன் ஏழாம் ரெமோன் 1222-இல் நிறுவிய குன்றுநகரம் அது. வணிகர்கள் கட்டிய கோதிக் வீடுகள் தெருவோரத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் முகப்பில் வேட்டைக்காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. சந்தைக் கொட்டகையில் 100 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கிணறு ஒன்று இருக்கிறது. உங்கள் தந்தைக்கு அந்த ஊர் நிச்சயம் பிடிக்கும்.

தென்திசை
கோர்த் அழகான ஊர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூரையை வைத்து மதிலுக்குத் தீர்ப்பெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தூலூஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன், விருந்தினர் வரும்போதெல்லாம் அந்தக் குன்றில் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் அவர்களுக்குக் காட்டுவது கூரைகளை அல்ல, சுவரின் முகத்தை.

உள்மதிலின் வடபகுதியில் நின்று உற்றுப் பாருங்கள். கைக்கடக்கமான சதுரக் கற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. சில வரிசைகளுக்கு ஒருமுறை, புடவைக் கரைபோலச் செங்கல் வரிசை குறுக்கே ஓடுகிறது. இது ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்துக் கட்டுமானம். அங்குள்ள கோபுரங்கள் வெளிப்பக்கம் வளைந்தும் உள்பக்கம் தட்டையாகவும், குதிரை லாடம் போன்ற வடிவில் இருக்கும். சற்று நகர்ந்தால், ஒவ்வொரு கல்லும் நடுவில் புடைத்து நிற்கும் பெருங்கல் வேலையைக் காணலாம். அது 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாம் பிலிப் அரசரின் கொத்தர்கள் செய்தது. நார்போன் வாயிலின் இரட்டைக் கோபுரங்களும் அக்காலத்தவையே.

என்னை இன்றும் வியப்பில் நிறுத்துவது வேறொன்று. அரசரின் ஆட்கள் இரு மதில்களுக்கும் நடுவிலுள்ள வெளியைச் சமப்படுத்துவதற்காக நிலத்தைத் தாழ்த்தியபோது, ரோமானியச் சுவரின் அடித்தளமே வெளியே தெரிந்துவிட்டது. அது சரிந்துவிடாமலிருக்க அடியில் புதிய சுவர் கட்டித் தாங்கினார்கள். ஆகவே சில இடங்களில் ஆயிரம் ஆண்டு மூத்த சுவர் மேலேயும் இளைய சுவர் கீழேயும் நிற்கின்றன. இதை வியோலே-ல-டுக் கற்பனை செய்யவில்லை, கண்டறிந்து எழுதிவைத்தார்.

உடல் பழையது, தலைப்பாகை மட்டும் புதியது. தலைப்பாகை பொருந்தவில்லை என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். ஆளையே போலி என்று சொல்லாதீர்கள்.

கற்றச்சன்
சுவரின் தொன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஞாயில்களும் (மதில் உச்சியின் பல்வரிசை போன்ற தடுப்புகள்) மேல்வரிசைகளும் பல இடங்களில் அவர் கைபட்டவை. எது பழையது, எது அவருடையது என்று சாதாரணப் பார்வையாளர் பிரித்தறிய வழியில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கோட்டையரண்மனைச் சுவரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரப் பரண்களையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறேன். 20-ஆம் நூற்றாண்டில் சில கோபுரங்களிலிருந்து சிலேட்டை அகற்றிவிட்டு ஓடு வேய்ந்தார்கள். முதலில் செய்தது தவறு என்று பிரெஞ்சு அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அதற்குப் பொருள்?

தென்திசை
சிலேட்டை மாற்றிய இடங்கள் ரோமானியக் காலக் கோபுரங்கள். அங்கே சிலேட்டு பொருந்தாது என்பது சரியே. ஆனால் 13-ஆம் நூற்றாண்டுக் கோபுரங்களைக் கட்டுவித்தவர்கள் வடக்கிலிருந்து ஆண்ட அரசர்கள். தங்கள் ஊர்க் கூரையை அவர்கள் இங்கே கொண்டுவந்திருக்கக் கூடும் என்ற வாதம் அடிப்படையற்றதன்று. மரப் பரண்களுக்கும் அவர் ஆதாரமில்லாமல் கை வைக்கவில்லை. உத்திரங்களைச் செருகுவதற்கென்று விடப்பட்ட சதுரத் துளைகள் சுவரில் வரிசையாக இருந்தன. அவற்றின் இடைவெளியை அளந்துதான் பரணின் வடிவத்தை மீட்டெடுத்தார்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. 1659-இல் பிரீனீஸ் உடன்படிக்கையால் ஸ்பெயின் எல்லை தெற்கே மலைத்தொடருக்குத் தள்ளிப்போனபின் இந்தக் கோட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. மதில் கல்லை வண்டி வண்டியாகப் பெயர்த்து விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு இதைக் கைகழுவ முற்பட்டபோது, உள்ளூர் வரலாற்றாளர் க்ரோ-மேரெவியேயும் நினைவுச்சின்னங்களின் தலைமை ஆய்வாளராக இருந்த ப்ரோஸ்பேர் மெரிமேயும் போராடித் தடுத்தார்கள். அந்தப் போராட்டமும் அதைத் தொடர்ந்த சீரமைப்பும் இல்லையென்றால், இன்று நாம் விவாதிப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. 1997-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, வியோலே-ல-டுக்கின் பணியையே அதன் சிறப்புகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

கற்றச்சன்
காப்பாற்றியது வேறு, மாற்றியமைத்தது வேறு. முதலாவதற்கு க்ரோ-மேரெவியேயை நானும் கைகூப்பி வணங்குவேன். விழக்கூடிய சுவருக்குத் தாங்கு கொடுத்து, ஒழுகும் இடத்தை மூடி, அப்படியே விட்டிருக்கலாம். இடிபாடாக நின்றிருந்தாலும் அது உண்மையான இடிபாடாக இருந்திருக்கும்.

பழைய ஏடு
இருவர் எழுதியதையும் முழுமையாகப் படித்தேன். மிகுந்த அறிவோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவு நேரமும் கல்லைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

இரு மதில்களுக்கும் இடைப்பட்ட வெளியை, லீஸ் என்று அவ்வூரார் அழைக்கும் அந்தப் புல்வெளியை, இன்று பார்ப்பவர்கள் என்றென்றும் வெறுமையாகவே இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப் படைமதிப்புக் குறைந்த காலத்தில் ஏழை நெசவாளர்கள் அங்கே குடியேறி, மதிலையே பின்சுவராகக் கொண்டு வீடு கட்டி வாழ்ந்தார்கள். சீரமைப்பு தொடங்கியதும் அந்தக் குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளினார்கள். நாம் புகழ்கின்ற தெளிவான சுவர்முகம் அவர்களுடைய அடுப்படியை அகற்றிப் பெற்றது.

இது முதல்முறையும் அன்று. 1209-இல், கத்தார் என்ற கிறித்தவப் பிரிவினரை ஒடுக்க வந்து, பெசியே நகரத்து மக்களைக் கொன்று குவித்த சிலுவைப்படை அடுத்து இங்கே வந்து முற்றுகையிட்டது. ஆடி மாதத்து வெயிலில் தண்ணீர் தீர்ந்து, ஊர் பணிந்தது. ஊரார் உயிர் பிழைத்தார்கள், ஆனால் உடுத்த துணியோடு ஊரைவிட்டு நடக்க வேண்டியதாயிற்று. ஊரை ஆண்ட இளைஞரான துணைக்கோமகன் ரெமோன்-ரொழே த்ரங்காவெல் தன் சொந்தக் கோட்டையிலேயே சிறைப்பட்டு அந்த ஆண்டே இறந்தார். அவருடைய மகன் 1240-இல் ஊரை மீட்க முயன்று தோற்றபோது, மதிலை ஒட்டியிருந்த புறஞ்சேரிகள் மகனுக்குத் துணைநின்றன என்பதற்காக பிரெஞ்சு அரசர் அவற்றை இடித்துவிட்டார். அங்கிருந்தவர்கள் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஆற்றுக்கு அக்கரையில் குடியேற அனுமதி பெற்றார்கள். இன்றைய கீழூரின் தோற்றம் அதுதான்.

மூன்று முறை மனிதர்களை அகற்றி உண்டான வெறுமை அது. இன்றும் மதிலுக்குள் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். வருகின்ற பயணிகளோ இலட்சக்கணக்கில். இதைச் சொல்லாமல் நடக்கும் எந்த உண்மை-போலி விவாதமும் எனக்குப் பாதி விவாதமாகவே படுகிறது.

கற்றச்சன்
நெசவாளர்கள் விஷயத்தைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அது என் தரப்பையே வலுப்படுத்துகிறது. 13-ஆம் நூற்றாண்டை மட்டும் உண்மை என்று தேர்ந்தெடுத்து, பின்வந்த நூற்றாண்டுகளின் வாழ்க்கையைக் குப்பையாகக் கருதித் துடைத்தெடுத்ததுதான் அந்தச் சீரமைப்பின் அடிப்படைக் கோளாறு. அந்த வீடுகளில் ஒரு வரிசையாவது நின்றிருக்க வேண்டும்.

தென்திசை
இதில் உங்கள் இருவரோடும் உடன்படுகிறேன். பத்து முறைக்கு மேல் அந்தப் புல்வெளியில் நடந்தும் நெசவாளர்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை, அது என் குறைதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல், உலக மரபுத் தகுதி பெற்ற இருபதாம் ஆண்டையொட்டி, ஃபெலிசே வரீனி என்ற கலைஞர் மேற்குப் பக்க மதில்மீது மெல்லிய அலுமினியத் தாள்களை ஒட்டி, பெரிய மஞ்சள் வட்டங்களை உருவாக்கினார். கீழூர்க்காரர்கள் பலர் கொதித்துப் போனார்கள், எதிர்ப்பு மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். வெறும் காட்சிப்பொருளுக்காக ஒரு ஊர் அப்படிக் கோபப்படாது. மதிலுக்குள் குடியிருக்காவிட்டாலும் அந்தக் குன்றைத் தங்களுடையது என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

கற்றச்சன்
அவர்கள் காக்க நினைத்த தோற்றத்தில் வியோலே-ல-டுக்கின் கூரைகளும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் நீங்கள் சொல்வதில் நான் மறுக்க முடியாத பொருள் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக நான்கு தலைமுறைக்கு மேல் பார்த்துப் பழகிய கூரை, தவறான கூரையே ஆனாலும், அவ்வூரின் வரலாற்றில் சேர்ந்துவிட்டது. அதை இப்போது யாராவது கழற்ற முயன்றால் நானே எதிர்ப்பேன். போலி என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஊகத்தை ஊகம் என்று அந்த இடத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் விடமாட்டேன். மேலும், ஒரு நாள்தான் என்றால் கோர்த் என்ற என் பரிந்துரையிலும் மாற்றமில்லை.

பழைய ஏடு
அப்படி எழுதிவைக்கும் பலகையில் நெசவாளர்களுக்கும் இரண்டு வரி வேண்டும்.

நிலாமுற்றம்
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த உரையாடலைத் தொலைபேசியில் அப்பாவுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். கூரையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ரோமானியச் சுவர் மேலேயும் பிற்காலச் சுவர் கீழேயும் நிற்கும் இடம் எது, அதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கார்க்காசோனுக்கே போவது என்று முடிவு செய்துவிட்டோம். கற்றச்சன் ஐயா வருந்த வேண்டாம், கோர்த் அடுத்த பயணத்துக்கு.

தென்திசை
நார்போன் வாயில்வரை சாலை இருக்கிறது. அம்மாவை அங்கேயே இறக்கிவிடலாம். வாயிலை நெருங்கியதும் கூட்டம் போகும் கடைத்தெருவுக்குள் நுழையாமல், வலப்பக்கம் திரும்பி மதில்களுக்கு நடுவே நடங்கள். அந்த வெளியில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது, கோட்டையரண்மனைக்கும் மதில்மேல் செல்வதற்கும் மட்டுமே நுழைவுச்சீட்டு. உங்கள் இடக்கைப்பக்கம் வருவது உள்மதில். செங்கல் வரிசை தென்படத் தொடங்கியதும் நின்று, கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். சிறுகற்கள் முடிந்து, ஒழுங்கற்ற பெரிய அடித்தளக் கற்கள் வந்து, அவற்றுக்கும் கீழே மறுபடியும் ஒழுங்காக அடுக்கிய சுவர் தொடங்கும். அந்த இடம்தான் அப்பா கேட்டது. அம்மா உட்கார்வதற்குப் புல்தரை இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் அங்கே ஆள்நடமாட்டமே இருக்காது.